சனி, ஞாயிறு எங்கே போகலாம்? நெல்லைச் சீமைத் தம்பதிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறோம். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன், இவர் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். வாரம் முழுக்க ஆளுக்கொரு திசை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயாவது கிளம்பிவிடுவோம். சித்தி மகள்கள், கூட வேலை பார்க்கும் டீச்சர்கள், மாடி வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருக்கும் தம்பி எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நாங்கள் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அதற்குள் எங்கே போய்விட முடியும்?

ஓர் இடத்துக்குப் போகலாம். ஒரு நாளைக்கு ஓர் இடம், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. கல்யாணமான புதிதில் இது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் திருச்செந்தூர், திரும்பும் வழியில் தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், சாயங்காலம் கிருஷ்ணாபுரம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினோம். திருச்செந்தூர் வரிசையிலேயே பாதிப் பகல் போயிற்று. மற்ற ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. ஆழ்வார்திருநகரியில் சாத்திய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தத் திட்டத்தைப் போட்டது யார் என்று சண்டை பிடித்தோம். வீடு வந்து சேரும்வரை பேச்சுவார்த்தை இல்லை. அத்தை எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஊர் பார்க்கப் போனியளா, ஓட்டப்பந்தயத்துக்குப் போனியளா?" என்று கேட்டார்கள். அதோடு பட்டியல் போடுவதை விட்டுவிட்டோம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது செங்கோட்டை பாசஞ்சர். காலையில் நெல்லை ஜங்ஷனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். பேட்டை தாண்டியதும் வயல் ஆரம்பித்துவிடும். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரும். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்று நட்டிருக்கும் நாட்களில் இரண்டு பக்கமும் பச்சை, அதற்கு மேலே நீல மலை. டிக்கெட்டுக்கு ஆகும் செலவு ஒரு காப்பிச் செலவு மாதிரிதான்.

இந்தப் பாதையில் கீழக்கடையத்தில் இறங்கினால் கடையம். செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதி 1918 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்ததும் இங்கேதான் வந்தார். 1920 வரை இருவரும் இந்த ஊரில் இருந்தார்கள். இருவரும் சேர்ந்து நிற்கும் சிலை இப்போது இங்கே இருக்கிறது. பாரதிக்குத் தனியாகச் சிலை எத்தனையோ ஊரில் உண்டு. செல்லம்மாள் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க இங்கே வரவேண்டும். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. கல்யாணி அம்மன் கோயிலுக்கும் நடந்து போய் வந்து, மத்தியானம் கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிவிடலாம்.

குற்றாலத்துக்கு எப்போது போவது? சீசனில் கூட்டம் தாங்க முடியவில்லையே?

தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஜூன் பாதியில் சாரல் விழ ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரைக்கும் சீசன். ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனால் தலைகளைத்தான் பார்க்க முடியும். சனிக்கிழமை ராத்திரியே தென்காசி பக்கம் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு விடியுமுன் அருவிக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். சீசனில் ஒரு லாட்ஜில் தங்கி, ஒரு ராத்திரிக்கு நாங்கள் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. வாடகையை வாங்கிக்கொண்டு வெந்நீர்கூட தரவில்லை. தங்குவதாக இருந்தால் செங்கோட்டை, தென்காசியில் பாருங்கள். பேருந்துக்குக் குறைவில்லை.

புதுத் தம்பதிகள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பேரருவியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் குளிக்கும் இடம் தனித்தனி. சேர்ந்து நனைவோம் என்று கனவோடு வந்து, போனையும் பையையும் யார் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்து நிற்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். எங்கள் ஏற்பாடு இது: முதலில் நான் போவேன், இவர் பையோடு கோயில் பக்கம் நிற்பார். நான் வந்ததும் இவர் போவார். இடத்தை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே இருக்கிற இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது.

பேரருவித் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, வழிந்துதான் நம்மிடம் வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அடியில் ஒருவரும் நிற்க முடியாது. இதை எனக்குச் சொன்னவர் இவர்தான். அன்றிலிருந்து அருவிக்குள் போகுமுன் அந்தப் பள்ளத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்தால் தண்ணீர் கண் மூடித் திறப்பதற்குள் பெருகிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோய்விட்டது. போலீஸ்காரர் விசில் அடித்தால் "இன்னும் ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று கெஞ்சாதீர்கள். உடனே வெளியே வந்துவிடுங்கள்.

குளித்து முடித்ததும் நேரே வண்டிக்கு ஓடிவிட வேண்டாம். குற்றாலநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் சித்திரசபை இருக்கிறது. நடராசர் அங்கே ஓவியமாக இருக்கிறார். ஈரத்தலையோடு அந்தக் குளிர்ந்த மண்டபத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அருவிக்குச் சமானமான சுகம். வெளியே வந்தால் ரம்புட்டான், மங்குஸ்தான் கடைகள். மங்குஸ்தான் வாங்கும்போது தோலை லேசாக அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் பழசு.

அப்புறம், ஜூலை கடைசியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். படம் எடுங்கள், ஆனால் வரப்பில் நின்று எடுங்கள். செடியை மிதித்தால் ஒரு விவசாயியின் வருமானத்தை மிதிக்கிறோம்.

சீசன் இல்லாத நாளில் அருவியில் குளிக்க வழி உண்டா?

பாபநாசத்துக்கு மேலே அகத்தியர் அருவி இருக்கிறது. வருடம் முழுக்க தண்ணீர் விழும். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைச் சோதனைச்சாவடியில் கட்டணம் கட்டி, பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது. சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும். குரங்குகள் இருக்கும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

கைலாயத்தில் சிவன் பார்வதி கல்யாணத்துக்கு எல்லோரும் போய் வடக்குத் தாழ்ந்துவிட்டதாகவும், சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே பொதிகைக்கு அனுப்பியதாகவும், கல்யாணத்தைப் பார்க்க முடியாத அவருக்குச் சுவாமி இங்கே வந்து மணக்கோலத்தில் காட்சி தந்ததாகவும் கதை. அருவிக்கு மேலே இருக்கும் கல்யாண தீர்த்தத்துக்கு அந்தப் பெயர் அதனால்தான். பாபநாசம் கோயிலில் சித்திரை விசு அன்று இந்தக் காட்சியை விழாவாக நடத்துகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். பாபநாசத்தில் குளித்துவிட்டுப் பழைய துணியை ஆற்றில் விடும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் துணி படித்துறைக்கு அடியில் சகதியோடு சேர்ந்து கிடந்து, குளிக்கிறவர்கள் காலில் சுற்றுகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் இதுதான்.

மாஞ்சோலை?

மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. வனத்துறை அனுமதியில்லாமல் போக முடியாது, சாலையும் கடினம். நாங்கள் ஒரு தடவை போயிருக்கிறோம். எஸ்டேட் நடத்திய கம்பெனியின் 99 ஆண்டுக் குத்தகை 2028-ல் முடிகிறது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் வேலையும் வீடும் இழந்து மலையிலிருந்து இறங்கிவரும் சமயத்தில், அங்கே போய்ப் படம் எடுத்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. மணிமுத்தாறு அணைக்கட்டுவரை போய், கரையில் நடந்துவிட்டு வருவதே எங்களுக்கு நிறைவாக இருக்கிறது.

எங்கே போனாலும் கோயில்தானா? எனக்கு அவ்வளவு பக்தி இல்லை.

இவருக்கும் இல்லை. கிருஷ்ணாபுரத்துக்கு முதலில் கூப்பிட்டபோது "வெளியே நிற்கிறேன், நீ போயிட்டு வா" என்றார். அப்புறம் அந்த மண்டபத்திலிருந்து அவரைக் கிளப்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. திருச்செந்தூர் சாலையில் சுமார் 13 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், ரதி, இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகும் குறவன் என்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். தூண் வேறு, சிலை வேறு இல்லை, ஒரே கல்.

இவர் நின்றது குறவன் சிலைக்கு முன்னால். காலில் நரம்பு புடைத்திருக்கிறது, பாரம் தூக்கியதால் விலாப்பக்கம் தசை இறுகியிருக்கிறது. ஆனால் இவர் காட்டியது கால்விரலை. நகத்துக்கும் சதைக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய கோட்டைக்கூடச் சிற்பி விடவில்லை. "யாரும் பார்க்கமாட்டாங்கன்னு தெரிஞ்சும் செதுக்கியிருக்கான் பாரு" என்றார். தட்டினால் ஓசை வரும் கற்கள் இவை. தட்டிப் பார்க்காதீர்கள். எத்தனையோ கை தட்டித் தட்டிச் சில இடங்கள் உடைந்திருக்கின்றன.

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலும் அப்படித்தான். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம். ஐந்து நிலை ராஜகோபுரத்துக்குள் நிலைக்கு நிலை சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. போர், கப்பல், குதிரை என்று அந்தக் காலத்து உலகமே அங்கே இருக்கிறது. மேலே ஏற கோயிலில் அனுமதி கேட்க வேண்டும். கீழே கருவறையில் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்ட கருவூர்ச் சித்தர் கூப்பிட்டாராம், தண்ணீர் இரைச்சலில் சரியாகக் கேட்கச் சுவாமி காதைச் சாய்த்தாராம். கூப்பிட்டால் காதைச் சாய்த்துக் கேட்கிற சாமி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோயிலைச் சுற்றியுள்ள பெரிய மருத மரங்களில் கொக்கு, நாரை கூடு கட்டும். 2005-லேயே பறவைகள் காப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள்.

நெல்லையப்பர் கோயிலை உள்ளூர்க்காரர்களே நிதானமாகப் பார்ப்பதில்லை. சுவாமி கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் முன்பு தனித்தனியாக இருந்தவை. 1647-ல் வடமலையப்பப் பிள்ளை சங்கிலி மண்டபம் கட்டி இரண்டையும் சேர்த்தார். உச்சிக்காலத்தில் போனால், அம்மன் சந்நிதியிலிருந்து சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டுபோய்ச் சுவாமிக்குப் படைப்பதைப் பார்க்கலாம். அம்மனே வந்து பரிமாறுவதாக ஐதீகம். ஐப்பசியில் இருவருக்கும் திருக்கல்யாணம் நடக்கும்போது டவுனே கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

பறவைகள் பார்க்க ஆசை. கூந்தன்குளம் போனால் என்ன தெரியும்? பைனாகுலர் வேண்டுமா?

நாங்கள் வருடம் தவறாமல் போகிற ஒரே இடம் அது. நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளத்தில் தூரத்தில் இருக்கும் பூநாரைகளைப் பார்க்க பைனாகுலர் இருந்தால் நல்லது. இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். ஆனால் ஊருக்குள் அது தேவையே இல்லை.

சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் வேப்பமரத்திலும் புளியமரத்திலும் கூடு கட்டியிருக்கும். அடியில் ஓர் ஆச்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள், தலைக்கு மேலே நாரை குஞ்சுக்கு மீன் கக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது, மழை தவறாது என்று இவர்கள் நம்புகிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த குளத்துச் சகதி வயலுக்கு நல்ல எரு.

நான் முதலில் கவனித்தது சத்தத்தைத்தான். அவ்வளவு பெரிய நாரை, குரல் எழுப்புவதே அரிது. அலகை அலகோடு தட்டிப் பேசுகிறது. மூங்கில் குச்சிகள் இரண்டைத் தட்டுகிற மாதிரி டக் டக் டக் என்று மரத்துக்கு மரம் கேட்கும். ஆணும் பெண்ணும் கூட்டுக்கு மாறி மாறி வரும்போது இந்தத் தட்டல் அதிகமாகும். ஒன்று உட்கார, மற்றது கிளம்பும். மத்தியான வெயிலில் ஒரு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது. அரை மணி நேரம் பார்த்தோம், அது இறக்கையை மடக்கவில்லை.

ஜனவரியிலிருந்து மே வரை நல்ல சமயம். குஞ்சு பறக்கப் பழகியதும் ஜூன், ஜூலையில் கிளம்பிவிடும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்த வேண்டாம். மரத்தடியில் நின்றால் எச்சம் விழும், ஒரு பழைய துண்டு தலைக்கு இருக்கட்டும். ஊர்க்காரர்கள் விவரம் தெரிந்தவர்கள், "அண்ணாச்சி, இது என்ன பறவை?" என்று கேட்டால் நின்று சொல்வார்கள்.

கடற்கரை என்றால் திருச்செந்தூர் மட்டும்தானா?

திருச்செந்தூரில் விடுமுறை நாளில் கூட்டம் அதிகம். அமைதி வேண்டுமானால் அங்கிருந்து தெற்கே மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில், அதன் அடிவாரத்தில் பிரான்சிஸ் சேவியர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். குன்றின்மேல் நின்றால் ஒரு பக்கம் கொந்தளிக்கும் கடல், மறு பக்கம் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும் கடல். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிப் போனால் கூட்டம் இருக்கும். கடலில் குளிக்க இறங்கும் முன் மீன்பிடிக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னும் தெற்கே போனால் உவரியில் கப்பல் வடிவ மாதா கோயில்.

போகிற வழியில் தேரிக்காடு வரும். செக்கச்செவேல் என்ற மணல், நடுவில் பனை. வண்டியை ஓரமாக நிறுத்திச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாயங்காலம் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். திரும்பும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம்.

மாசக் கடைசியில் கையில் காசு இருக்காது. அப்போது என்ன செய்வீர்கள்?

நடப்போம். கொக்கிரகுளத்தில் சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. 1843-ல் திறந்தது. ஜில்லா அலுவலகத்தில் வேலை பார்த்த முதலியார், பாலம் கட்டத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அவர் மனைவி யோசிக்காமல் நகையைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பாலத்துக்கு முதலியார் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்த அம்மாவையும் சேர்த்து நாங்கள் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வோம்.

அங்கிருந்து குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கிவிடும், உற்சவரைக் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் முதலில் போய்ப் பார்த்த இடம் அதுதான். தூண்களில் சகதி ஒட்டியிருந்தது, ஆனால் கல் ஒன்றும் அசையவில்லை. சாதாரண நாளில் படித்துறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் போட்டால் சின்ன மீன்கள் வந்து கொத்தும். அதற்குக் கட்டணம் கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஆற்றில் இறங்க வேண்டாம்.

கொக்கிரகுளத்திலேயே மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, குழந்தை இல்லாதவர்களும் போகலாம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடை, மாவட்ட மைய நூலகம், எதுவும் இல்லாவிட்டால் நெல்லை வானொலி. 1963-லிருந்து ஒலிபரப்பாகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) வத்தல் காயப்போட்டுவிட்டு, நிழலில் பாயை விரித்துப் பாட்டுக் கேட்பதும் எங்களுக்கு வெளியே போனதுக்குச் சமம்தான்.

மாதத்தில் ஒரு நாள் டவுனில் ரதவீதி சுற்றி, கோயில் எதிரே இருட்டுக்கடையில் வரிசையில் நின்று 100 கிராம் அல்வா. இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள், விரலில் நெய் வழியும். வீட்டுக்கு வாங்கிப்போய் ஆறவைத்துச் சாப்பிடுகிறவர்கள் பாதிச் சுகத்தை இழக்கிறார்கள் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு கொஞ்சம் காரம் வாயில் போட்டால்தான் கணக்கு முடியும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, கடையில் பார்த்துக்கொள்வதா?

காட்டுப்பக்கம், குளத்துப்பக்கம் என்றால் கட்டிக்கொண்டு போவோம். புளியோதரையும் துவையலும் கெடாது. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் செய்வது உளுந்தம்பருப்புச் சோறு. தோல் உளுந்தை வறுத்து, அரிசி, தேங்காய்த் துருவல், பூண்டு, வெந்தயம் போட்டு ஒன்றாக வேகவைத்து, எள்ளுத் துவையலோடு தூக்குவாளியில் எடுத்துக்கொள்வேன். மத்தியானம்வரை மணம் போகாது, வயிறும் தாங்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் போனால் மட்டும் புரோட்டாவும் கோழியும் கடையில்தான். அதை வீட்டிலிருந்து கொண்டுபோவது அந்த ஊருக்குச் செய்கிற மரியாதைக் குறைவு.

சொதியை வெளியே தேடாதீர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு அது. தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, பக்கத்தில் இஞ்சித் துவையல் வைத்து, வீட்டில் நிதானமாகச் செய்ய வேண்டியது. எங்கள் கல்யாண நாளுக்கு நாங்கள் எங்கேயும் போவதில்லை, இரண்டு பேரும் சேர்ந்து சொதி வைப்போம். தேங்காய் துருவுவதும் பிழிவதும் இவர் வேலை.

இரண்டு பேருக்கும் ரசனை வேறு வேறு. அவருக்குக் கிரிக்கெட், எனக்குப் புத்தகம். எப்படிச் சேர்ந்து போவது?

முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அவர் சொல்லும் இடம், மறுவாரம் நீங்கள் சொல்லும் இடம். போன இடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் ஒப்பந்தம். இவருக்கு மீன் பிடிப்பவர்களை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். அவர் குளத்தங்கரையில் நிற்கும்போது நான் மரத்தடியில் படிப்பேன். பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இல்லை.

மாமியார் மாமனாரை விட்டுவிட்டுப் போனால் தப்பாக நினைக்கமாட்டார்களா?

சொல்லிவிட்டுப் போங்கள், சொல்லாமல் போனால்தான் மனசு நோகும். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோருமாகப் போவோம். அத்தைக்கு மூட்டுவலி, அதனால் படி இல்லாத இடமாகப் பார்ப்போம். மற்ற நாட்களில் வரும்போது கல்லிடைக்குறிச்சி அப்பளமோ, முதலூர் மஸ்கோத் அல்வாவோ கையில் இருக்கும். அதைவிட, வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து என்ன பார்த்தோம் என்று ஒன்று விடாமல் சொல்வோம். அத்தை கேட்பது அதைத்தான்.

சித்திரை வெயிலில் எங்கே போக முடியும்?

காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் வீட்டுக்கு வந்துவிட முடிந்தால் மட்டும் போங்கள். பனங்காட்டுப் பக்கம் காலையில் இறக்கிய பதநீர் கிடைக்கும், பனை ஓலையைப் பட்டையாக மடித்து அதில் ஊற்றித் தருவார்கள். பட்டையின் ஓரத்தை உதட்டில் வைத்துக் குடித்தால் ஓலை மணமும் சேர்ந்து வரும். நேரமானால் புளித்துவிடும். மத்தியானம் வீட்டிலேயே இருங்கள்.

ஞாபகமாக வாங்கி வைக்க ஏதாவது சொல்லுங்கள். கல்யாணப் பரிசாகவும் கொடுக்கிற மாதிரி.

பத்தமடைப் பாய். சேரன்மகாதேவி சாலையில்தான் ஊர், நெல்லையிலிருந்து அரை மணிப் பயணத்துக்குக் கொஞ்சம் கூட. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆற்றங்கரைக் கோரையை வெட்டிக் காயவைத்து, ஒரு வாரம்போல ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, கத்தியால் மெல்லிசாகக் கிழித்துச் சாயம் ஏற்றி நெய்கிறார்கள். பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள் வீட்டிலேயே செய்கிற வேலை.

எங்கள் கல்யாணத்துக்கு அத்தை சொல்லி வைத்து வாங்கிய பாயில் எங்கள் இரண்டு பேர் பெயரும் நடுவில் நெய்திருக்கிறது. கல்யாண நாளும் இருக்கிறது. போன வருடம் அதே தெருவுக்குப் போயிருந்தோம். ஒரு பெரியம்மா தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். நூல் மாதிரி இருக்கும் கோரையை ஒரு நீளக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்தி, அச்சால் தட்டி நெருக்குகிறார்கள். நாங்கள் நின்ற கால் மணி நேரத்தில் பாய் ஒரு விரற்கடை கூட வளரவில்லை. எழுத்து வரும் இடத்தில் இன்னும் மெதுவாகப் போகும் என்றார்கள். எங்கள் பாயைப் பற்றிச் சொன்னதும், "நல்லா இருக்காம்மா? மடிச்சு வைக்காதிய, சுருட்டி வையிங்க. மடிச்சா மடிச்ச இடத்துல ஒடிஞ்சிரும்" என்றார்கள்.

பெயர் போட்ட பாய் வேண்டுமானால் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பெயரைத் தாளில் பெரிதாக எழுதி, எழுத்தை இரண்டு வீட்டாரும் ஒரு தடவை சரிபார்த்துக் கொடுங்கள். நெய்த பிறகு மாற்ற முடியாது.